ஒரே பானை, ஐந்து பேர்: வீட்டுக் காய்கறி சூப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு திருச்சியில். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஐந்து பேர். மாமியாருக்கு ரத்தக்கொதிப்பு, உப்பு அளவோடுதான். மூத்தவளுக்கு ஒன்பது வயது, காரம் ஆகாது. சின்னவனுக்கு நான்கு, பீன்ஸைக் கண்டாலே தட்டைத் தள்ளுவான். வீட்டுக்காரருக்கு மிளகு தூக்கலாக இருக்க வேண்டும். இத்தனை பேருக்கும் ஒரே பானையில் ஒரு இரவுச் சாப்பாடு அமைவது லேசான காரியம் இல்லை. எனக்கு அது காய்கறி சூப்பில்தான் கூடி வந்தது. ஆறேழு வருடமாக வாரத்தில் இரண்டு நாள் வைக்கிறேன். நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா, கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நம்மிடம் ரசம் இருக்கும்போது சூப் எதற்கு?

ரசத்தின் வேலை வேறு. அது சோற்றுக்குத் துணை, புளிப்பும் காரமும்தான் அதன் உயிர். சூப்பில் காய்தான் எல்லாம், கூடச் சோறு இல்லாமலே ஒரு கிண்ணம் வயிற்றுக்கு இதமாக இருக்கும்.

ஆனால் இரண்டும் அந்நியம் இல்லை. ஆங்கிலேயர்கள் ‘மல்லிகடானி’ என்று பெயர் வைத்து இன்றும் குடிக்கிற சூப்பின் பெயர் நம்முடைய ‘மிளகுத்தண்ணி’யிலிருந்து போனது. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் அதை அவ்வளவு விரும்பிக் குடித்ததால் அவர்களுக்கு ‘மல்’ என்று பட்டப்பெயரே இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் தனியாகக் குடிப்பது அவர்கள் வழக்கம். நம் மிளகுத்தண்ணி அந்த வழக்கத்துக்குள் போய்க் கறியும் காயும் சேர்த்துக்கொண்டு சூப் ஆனது.

ஐந்து பேருக்கு என்னென்ன வேண்டும், எவ்வளவு?

பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு ஐந்து பல், சின்ன இஞ்சித் துண்டு, கேரட் இரண்டு, பீன்ஸ் பத்து, உரித்த பட்டாணி ஒரு கைப்பிடி, பொடியாக அரிந்த முட்டைக்கோஸ் ஒரு கிண்ணம், நன்றாகப் பழுத்த தக்காளி இரண்டு. கெட்டித்தன்மைக்குப் பாசிப்பருப்பு 50 கிராம். வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. தண்ணீர் ஒன்றேகால் லிட்டர். உப்பு ஒன்றேகால் டீஸ்பூன், மிளகு, கொத்தமல்லி, அரை மூடி எலுமிச்சை.

காய் எது கிடைத்தாலும் மொத்தம் அரை கிலோ, அதற்குத் தண்ணீர் ஒன்றேகால் லிட்டர். இந்தக் கணக்கு மட்டும் நினைவில் இருந்தால் போதும். பலரும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிவிட்டு, பிறகு சுவை இல்லையே என்று மசாலாவைத் தேடுகிறார்கள்.

படிப்படியாக எப்படிச் செய்வது?

முதலில் பாசிப்பருப்பை எண்ணெய் விடாமல் வாசம் வரும்வரை வறுத்து, கழுவி, தண்ணீரில் போட்டுவிடுங்கள். காய் அரியும் நேரம் அது ஊறினால் போதும்.

அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெயைப் போட்டு, அது உருகியதும் பொடியாக அரிந்த வெங்காயத்தைச் சேர்த்து, அடுப்பைச் சிம்மில் வையுங்கள். எட்டிலிருந்து பத்து நிமிடம். நிறம் மாறிச் சிவக்க வேண்டாம், கண்ணாடி போல ஆகிச் சுருங்கினால் சரி. பிறகு நசுக்கிய பூண்டும் இஞ்சியும் சேர்த்து ஒரு நிமிடம். அடுத்து கேரட், இரண்டு மூன்று நிமிடம் பிரட்டுங்கள்.

இன்னொரு அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தயாராக வைத்திருந்தால் நேரம் மிச்சம். அந்த வெந்நீரையும் ஊறிய பருப்பையும் சேர்த்து, மூடியைக் கொஞ்சம் திறந்த மாதிரி வைத்து, மெல்லிய கொதியில் இருபது நிமிடம் விடுங்கள். பருப்பு நுரை கட்டி மேலே வரும், கரண்டியால் எடுத்துவிடலாம். பருப்பு குழைந்ததும் பீன்ஸும் பட்டாணியும். எட்டு நிமிடம் கழித்து முட்டைக்கோஸும் தக்காளியும். இன்னும் ஐந்து நிமிடம்.

உப்பும் மிளகும் எப்போது என்றுதானே கேட்பீர்கள்? அதுதான் எங்கள் வீட்டுச் சூப்பின் முக்கியமான இடம், அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

ஒருவருக்கு உப்பு கூடாது, ஒருவருக்குக் காரம் வேண்டும். ஒரே பானையில் எப்படி?

காய் எல்லாம் வெந்து முடியும்வரை பானையில் உப்பே கிடையாது. வெந்த பிறகு பாதி உப்பைப் போட்டு மூன்று நிமிடம் கொதிக்க விட்டு, மாமியாருக்கு ஒரு கிண்ணம் எடுத்துவைக்கிறேன். அவருக்கு உப்புக் குறைவு தெரியாமல் இருக்க எலுமிச்சை நாலு சொட்டு அதிகம். புளிப்பு இருந்தால் நாக்கு உப்பை அவ்வளவாகத் தேடாது. அடுத்து மீதி உப்பு, இன்னும் இரண்டு நிமிடக் கொதி. குழந்தைகளுக்கு இரண்டு கிண்ணம். கடைசியாக அடுப்பை அணைத்துவிட்டு, பானையில் மிச்சம் இருப்பதில் அப்போதே பொடித்த மிளகு. அது எங்கள் இருவருக்கும்.

காய் வேகும்போதே உப்புப் போட்டால் காய்க்குள் நன்றாக இறங்கும் என்பது உண்மைதான். எல்லோருக்கும் ஒரே உப்பு ஒத்துக்கொள்கிற வீடு என்றால் அப்படியே செய்யுங்கள். ஆனால் வயதானவரும் குழந்தையும் ஒன்றாக உட்காருகிற வீட்டில், ஒருவருக்குத் தனியாகப் பத்தியச் சமையல் என்று ஒதுக்காமல் ஒரே பானையிலிருந்து பரிமாற முடிகிறதே, அதற்காக அந்தச் சிறு சுவையை நான் விட்டுக்கொடுக்கிறேன். ‘எனக்கு மட்டும் சப்பென்று’ என்ற வருத்தம் மாமியார் முகத்தில் இப்போது இல்லை.

மிளகுக்கும் கடைசி இடம்தான் நல்லது. கொதியில் நெடுநேரம் கிடந்தால் அதன் வாசம் ஆவியோடு போய்விடும், காரம் மட்டும் மிஞ்சும்.

வெங்காயத்துக்கு எதற்குப் பத்து நிமிடம்? பச்சையாகவே போட்டால் என்ன?

போடலாம். ஆனால் சூப்பில் பச்சை வெங்காய நெடி அடிக்கும். மெல்லிய தீயில் வதங்கும்போது அந்தக் கார நெடி போய், உள்ளே இருக்கும் இனிப்பு வெளியே வரும். எலும்பு வேகவைத்த சாறு இல்லாத சூப்புக்கு அடித்தளமே இந்த இனிப்புதான். நான் முதலில் சூப் வைக்கக் கற்றபோது பெரிய தீயில் இரண்டு நிமிடம் வதக்கித் தண்ணீரை ஊற்றிவிடுவேன். மாதக்கணக்கில் சூப் ‘காய் வேகவைத்த தண்ணி’ மாதிரியே இருந்தது. மாற்றியது ஒன்றுதான், இந்தப் பத்து நிமிடம்.

கேரட்டை வெண்ணெயில் பிரட்டுவதிலும் ஒரு காரணம் இருக்கிறது. அதன் ஆரஞ்சு நிறச் சத்தான பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரையக்கூடியது. கொஞ்சம் கொழுப்பு கூட இருந்தால்தான் உடம்பு அதைச் சரியாக எடுத்துக்கொள்ளும். எண்ணெயே இல்லாத சூப் என்று பெருமைப்பட்டுக்கொள்ளத் தேவையில்லை.

தக்காளியை ஏன் கடைசியில் சேர்க்கச் சொல்கிறீர்கள்? எல்லா சமையலிலும் வெங்காயத்துக்கு அடுத்தது தக்காளிதானே?

புளிப்பு இருக்கும் தண்ணீரில் காயும் பருப்பும் மெதுவாகத்தான் மெத்தென்று ஆகும். சாம்பாரில் புளியைப் பருப்போடு சேர்த்து வேகவைக்காமல், பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்துவிட்டுச் சேர்க்கிறோம் இல்லையா, அதே நியாயம்தான். தக்காளியை முதலிலேயே போட்டால் அரை மணி நேரம் ஆனாலும் கேரட்டின் நடு கடக்கென்று நிற்கும்.

புளிப்பு பீன்ஸின் பச்சையையும் கெடுக்கும். மூடி போட்டு வேகவைத்தால், காயிலிருந்தே வரும் அமிலம் ஆவியில் வெளியேற முடியாமல் உள்ளேயே நின்று பச்சையைப் பழுப்பாக்கும். அதனால்தான் மூடியைக் கொஞ்சம் திறந்துவைக்கச் சொன்னேன். சிலர் பச்சை நிறத்துக்காக ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுகிறார்கள். வேண்டாம். நிறம் நிற்கும், ஆனால் காய் கூழாகும், பி1 வைட்டமினும் வீணாகும்.

முட்டைக்கோஸ் போட்டால் ஒரு வாடை வருகிறதே?

அதிக நேரம் வேகவைத்ததால் வருகிறது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி இவற்றில் கந்தகம் சேர்ந்த பொருள்கள் உண்டு. வேக வேக அந்த வாடை கூடிக்கொண்டே போகும். பொடியாக அரிந்து கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் வாடை வருவதற்குள் வெந்துவிடும்.

குக்கரில் வைத்துவிடலாமா?

தாராளமாக. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூன்று விசில் விட வேண்டாம். குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி செல்சியஸ் வரை போகும். பீன்ஸும் கோஸும் அதில் உருத்தெரியாமல் போய்விடும். வெங்காயத்தைக் குக்கரிலேயே வதக்கி, கேரட்டும் பருப்பும் தண்ணீரும் சேர்த்து இரண்டு விசில். ஆவி தானாக அடங்கியதும் திறந்து, மற்ற காய்களைத் திறந்த குக்கரிலேயே கொதிக்கவிட்டால் சரி. பருப்பு நுரைத்துப் பொங்கும் என்பதால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். சின்னக் குக்கர் என்றால் தண்ணீரில் ஒரு பங்கைத் திறந்த பிறகு ஊற்றிக்கொள்ளலாம்.

ஊட்டியில் இருக்கும் என் சித்தி திறந்த பாத்திரத்தில் வைத்தால் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது என்பார். அங்கே உயரம் கிட்டத்தட்ட 2,240 மீட்டர். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த ஊரில் குக்கர் இல்லாமல் முடியாது. நமக்கு நல்ல கேரட்டை அனுப்புகிற மலையில் அதை வேகவைக்கத்தான் அதிக நேரம்.

கார்ன்ஃப்ளார் சேர்க்காமல் கெட்டியாகுமா?

பாசிப்பருப்பு அதற்குத்தான். குழைந்த பருப்பு சூப்பை வழவழப்பாக்கும், கூடவே புரதமும் தரும். கார்ன்ஃப்ளார் வெறும் மாவுச்சத்து. பருப்பு பிடிக்காதவர்கள் வெந்த காயில் இரண்டு கரண்டி எடுத்து மசித்துத் திரும்பச் சேர்க்கலாம். சின்ன உருளைக்கிழங்கு ஒன்றும் போதும். ஆனால் உருளைக்கிழங்கை மத்தால் மசியுங்கள். மிக்ஸியில் ஓட்டினால் பசை மாதிரி இழுக்கும்.

கார்ன்ஃப்ளார்தான் வேண்டும் என்றால், ஒன்றேகால் லிட்டருக்கு ஒன்றரை மேசைக்கரண்டி. கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற சூப்பில் கிண்டிக்கொண்டே ஊற்றி, ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். இல்லாவிட்டால் பச்சை மாவு வாசம் அடிக்கும். வெந்நீரில் கரைத்தாலோ மாவாகவே தூவினாலோ வெளிப்பக்கம் உடனே வெந்து, உள்ளே உலர்ந்த மாவோடு உருண்டை உருண்டையாக நிற்கும். அப்படி ஆகிவிட்டால் வடிகட்டுவதைத் தவிர வழியில்லை.

இதில் பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. சமையல் குறிப்புகளில் ‘சோள மாவு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ஒரு தோழி வெள்ளைச் சோளத்தை மில்லில் அரைத்த மாவை வாங்கிவந்து போட்டாள். சூப் கூழ் மாதிரி வந்தது. அந்த மாவு வேறு. மக்காச்சோளத்தை முழுசாக அரைத்த மஞ்சள் மாவும் வேறு. சூப்புக்குச் சொல்வது மக்காச்சோளத்திலிருந்து பிரித்த தூய மாவுச்சத்து: தூய வெள்ளை, தொட்டால் நெறுநெறுவென்று இருக்கும். கடையில் கார்ன்ஃப்ளார் என்று கேட்டு வாங்குவதே நல்லது.

ஹோட்டல் சூப்பின் ருசி வீட்டில் வரவில்லையே?

ஹோட்டலில் பெரும்பாலும் உப்பு அதிகம், வெண்ணெய் அதிகம், அதோடு அஜினமோட்டோ அல்லது சூப் க்யூப். அஜினமோட்டோவைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. 1908இல் ஜப்பானில் கிகுனே இகேடா என்ற வேதியியல் பேராசிரியர் கடற்பாசிச் சாற்றின் ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடிக் குளூட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அஜினமோட்டோ அதிலிருந்து வந்ததுதான். பழுத்த தக்காளியிலும் காளானிலும் அதே பொருள் இயற்கையாகவே இருக்கிறது. ஆகவே தக்காளி நன்றாகக் கனிந்ததாக இருந்தால், கூட நாலு காளானை வெண்ணெயில் சிவக்க வதக்கிச் சேர்த்தால், அந்த ஆழமான ருசி வீட்டிலேயே வந்துவிடும். பச்சையும் மஞ்சளுமான காயாய் நிற்கிற தக்காளியில் எதுவும் வராது.

க்யூபில் எனக்கு இருக்கிற வருத்தம் உப்புதான். அது போட்டால் முழுப் பானைக்கும் உப்பு ஏறிவிடும், யாருக்கும் குறைத்துக் கொடுக்க முடியாது.

காய்த் தோல், தண்டு இவற்றைப் போட்டு சாறு எடுப்பார்களே, அது அவசியமா?

அவசியம் இல்லை, ஆனால் செய்தால் வித்தியாசம் தெரியும். பட்டாணி உரித்த தோல், கொத்தமல்லித் தண்டு, கேரட் நுனி, காளான் காம்பு, நன்றாகக் கழுவிய வெங்காயத்தின் உள்தோல் ஆகியவற்றை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் முப்பது நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் தங்க நிறத்தில் ஒரு சாறு கிடைக்கும். அதையே தண்ணீருக்குப் பதில் ஊற்றலாம். பட்டாணித் தோலை எங்கள் வீட்டில் எறிவதே இல்லை, அவ்வளவு இனிப்பு. முட்டைக்கோஸ் தண்டும் பாகற்காயும் இதில் வேண்டாம், வாடையும் கசப்பும் சாறு முழுவதும் பரவும். பீட்ரூட் போட்டால் எல்லாமே சிவப்பாகிவிடும்.

சூடான சூப்பை மிக்ஸியில் அரைக்கலாமா?

கூடாது, ஆறவிட்டுத்தான். இதை அழுத்தமாகச் சொல்கிறேன். ஒருமுறை அவசரத்தில் கொதிக்கக் கொதிக்க ஜாரில் ஊற்றி ஓட்டிவிட்டேன். மூடி எகிறி, கை முழுக்கச் சூடு. நல்லவேளையாகக் குழந்தை பக்கத்தில் இல்லை. அடைத்த ஜாருக்குள் சூடான திரவம் சுழலும்போது ஆவி ஒரேயடியாக விரிந்து மூடியைத் தள்ளும். காயை மட்டும் வடிகட்டி எடுத்து, தட்டில் பரப்பி ஆறவைத்து, ஜாரில் பாதி அளவு போட்டு அரைத்து, மீண்டும் சாற்றில் கலந்து கொதிக்க வையுங்கள்.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் இழுத்துக்கொள்ளுமா?

அது உப்பைத் தேடிப் பிடிக்காது. உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவுதான். மிச்சத் தண்ணீரின் கரிப்பு அப்படியே இருக்கும். வெந்நீர் ஊற்றி, தனியாக வேகவைத்த பருப்பு அல்லது காய் கொஞ்சம் சேருங்கள். அளவு கூடும், நாளை காலைக்கு ஆகும்.

சூப் மட்டும் குடித்தால் ராத்திரி பசிக்காதா?

தெளிந்த சூப் என்றால் கண்டிப்பாகப் பசிக்கும். பத்து மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் தேடுவோம். நான் சொன்ன அளவில் பாசிப்பருப்பு இருப்பதால் கொஞ்சம் தாங்கும். எங்கள் வீட்டில் சூப்போடு ஆளுக்கு இரண்டு தோசை, அல்லது வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டி, சில நாள் கொண்டைக்கடலைச் சுண்டல். குளிர்ந்த மாதங்களில் சூப்பிலேயே ஒரு கைப்பிடி குதிரைவாலியோ சாமையோ சேர்த்துவிடுவேன். பானைக்குள்ளேயே சாப்பாடு முடிந்துவிடும். அவை தண்ணீரை நிறைய இழுக்கும், இன்னும் கால் லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேமியாவோ பாஸ்தாவோ போடுவதென்றால் தனியாக வேகவைத்துக் கிண்ணத்தில் போட்டு, மேலே சூப்பை ஊற்றுங்கள். பானையில் கிடந்தால் ஊறி ஊறிச் சூப்பைக் குடித்துவிடும்.

குழந்தை காயைப் பொறுக்கி ஒதுக்கிவைக்கிறது. அரைத்துக் கொடுத்துவிடலாமா?

சின்னவனுக்கு ஒரு வருடம் அரைத்தே கொடுத்தேன். குடித்தான், ஆனால் பீன்ஸை பீன்ஸாகப் பார்த்தால் இன்னும் ஓடினான். இப்போது பாதி அரைத்து, பாதி பட்டாணி அளவுக்கு அரிந்து போடுகிறேன். கரண்டியில் தானாக வந்துவிடும் அளவு சின்னதாக இருக்க வேண்டும், அதுதான் விஷயம். பட்டாணி உரிக்கும் வேலையை அவனிடம் கொடுத்ததும் உதவியது. தான் உரித்த பட்டாணியைத் தேடித் தேடிச் சாப்பிடுகிறான்.

ஆறேழு மாதக் குழந்தைக்கு இந்தச் சூப்பைக் கொடுக்கலாமா?

தண்ணீராகக் கொடுக்காதீர்கள். அந்த வயதில் வயிறு மிகச் சின்னது. பருப்புத் தண்ணீரும் சூப் தண்ணீரும் வயிற்றை நிரப்பும், எடை ஏறத் தேவையான சத்து அதில் இல்லை. உப்பு போடுவதற்கு முன் அடியில் இருக்கும் காயையும் பருப்பையும் எடுத்து, கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத அளவு கெட்டியாக மசித்து, ஒரு சொட்டு நெய்யோடு ஊட்டலாம். ஒரு வயது வரை உப்பு வேண்டாம். ஒரே பானையில் கடைசியில் உப்பு போடும் வழக்கம் இங்கேயும் கைகொடுக்கும்.

சர்க்கரை, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் குடிக்கலாமா?

சர்க்கரை இருப்பவர்கள் உருளைக்கிழங்கும் கார்ன்ஃப்ளாரும் தவிர்த்து, காயை அரைக்காமல் முழுதாகச் சாப்பிடுவது நல்லது. சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. காயில் இருக்கும் பொட்டாசியம் கொதிக்கும்போது தண்ணீரில் இறங்கிவிடும். சூப்பில் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். ‘வெறும் காய்தானே’ என்று நினைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

இவ்வளவு நேரம் கொதித்தால் சத்து போய்விடாதா?

வைட்டமின் சி சூட்டில் ஓரளவு குறையும். கடைசியில் பிழிகிற எலுமிச்சையும் தூவுகிற கொத்தமல்லியும் அதைக் கொஞ்சம் ஈடுகட்டும். தண்ணீரில் கரைகிற மற்ற சத்துகள் எங்கும் போகவில்லை, கிண்ணத்தில்தான் இருக்கின்றன. பொரியலுக்கு வேகவைத்து வடித்துக் கொட்டுவதைவிட இது மேல்.

கேரட், பீன்ஸ் விலை ஏறிவிட்டது. நம்ம ஊர்க் காயில் செய்ய முடியாதா?

நன்றாகவே செய்யலாம். தென்னூர் உழவர் சந்தைக்குப் போனால் எனக்கு முதலில் கண்ணில் படுவது வாழைத்தண்டு. காவிரிக் கரை முழுக்க வாழை. எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. தண்டை வட்டமாக நறுக்கும்போது வரும் நாரை விரலில் சுற்றி எடுத்து, பொடியாக அரிந்து நீர் மோரில் போட்டால் கறுக்காது. கேரட்டுக்குப் பதில் இதைப் பருப்போடு வேகவைத்து, தக்காளியைத் தவிர்த்து, சீரகமும் மிளகும் தூக்கலாகப் போடுங்கள். சாயங்காலம் தள்ளுவண்டியில் டம்ளரில் விற்கும் சூப்பின் மணம் வீட்டிலேயே வரும்.

சுரைக்காயும் அருமை, ஆனால் அரியும்போது ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். கசக்கிற சுரைக்காயில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு இருக்கிறது. வேகவைத்தாலும் போகாது, கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தக்கசிவு வரை கொண்டுபோய் விடும். ‘ஒரு காய் வீணாகிறதே’ என்று யோசிக்கவே கூடாத இடம் இது.

முருங்கைக்கீரையைக் கடைசி நான்கு நிமிடம் மூடாமல் வேகவையுங்கள். வெங்காயத்துக்குச் சின்ன வெங்காயம், வெண்ணெய்க்கு நெய் என்று மாற்றினால் அதன் குணமே வேறு.

கொல்லிமலைக்குப் போனவர்கள் முடவாட்டுக்கால் சூப் குடித்திருப்பீர்கள். கிழங்கு என்று சொல்லி விற்றாலும் அது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு. மேலே இருக்கும் மயிர் போன்ற செதிலைச் சுரண்டி எடுத்து, இஞ்சி பூண்டு மிளகோடு நசுக்கிக் கொதிக்கவைப்பார்கள். மூட்டுவலிக்கு என்று விற்பார்கள். நான் மருந்தாக நினைத்து வாங்குவதில்லை, மலைக்குளிரில் குடிக்கிற ருசிக்காகத்தான்.

மிச்சம் ஆகிவிட்டால்?

நம் வெயிலுக்குப் பானையை அடுப்பிலேயே விட்டுத் தூங்கக் கூடாது. அகலமான இரண்டு பாத்திரங்களில் ஊற்றினால் சீக்கிரம் ஆறும். ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். மூன்று நாள் வரை தாங்கும். எடுத்தால் தேவையானதை மட்டும் தளதளவென்று கொதிக்க வைத்துக் குடியுங்கள். பருப்பு இருப்பதால் இறுகிப்போயிருக்கும், வெந்நீர் ஊற்றினால் சரியாகும். மறுநாள் காலை இட்லிக்கு அதையே தாளித்துக் கொதிக்கவிட்டால் யாரும் மிச்சச் சூப் என்று சொல்ல மாட்டார்கள்.

ஏழு மணிக்கு வேலை முடிந்து வருகிறேன். எட்டரைக்குப் பரிமாற முடியுமா?

முடியும், நானும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பாசிப்பருப்பை மொத்தமாக வறுத்து டப்பாவில் வைத்துவிடுகிறேன். கேரட்டும் பீன்ஸும் முந்தின இரவு அரிந்து மூடி ஃபிரிட்ஜில். வெங்காயம் மட்டும் அன்றன்றைக்கு; முன்கூட்டி அரிந்தால் நெடி ஏறிவிடும்.

வந்ததும் முதல் வேலை, முகம் கழுவுவதற்கு முன்பே, பருப்பை ஊறவைப்பது. ஏழேகாலுக்கு வெங்காயம் அடுப்பில். அது சிம்மில் வதங்கும் பத்து நிமிடத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு, பெண்ணின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துவிடலாம். ஏழரைக்குக் கேரட்டும் பருப்பும் வெந்நீரும். எட்டு ஆவதற்குள் பீன்ஸும் பட்டாணியும், அடுத்து கோஸும் தக்காளியும். எட்டேகாலுக்குப் பாதி உப்பு, மாமியார் கிண்ணம். இன்னொரு அடுப்பில் தோசைக்கல் காயட்டும். மீதி உப்பு, பிள்ளைகள் கிண்ணம், அடுப்பை அணைத்து மிளகு. எட்டரைக்கு ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்துவிடலாம்.